காந்த ஷாக்கா, சாதா ஷாக்கா?

"இது ஷாக்குக்கா, இன்ஜினுக்கா?" மதிப்பீட்டுத் தாளைப் பார்த்ததும் என் மனைவி கேட்டது இதுதான். சக்கரத்து ஆட்டத்தை அடக்கும் நான்கு ஷாக் அப்சார்பரும் மாற்ற, கூலியோடு சேர்த்து 3,600 டாலர் என்று அதில் எழுதியிருந்தது. வண்டி 2015ஆம் ஆண்டு ஜிஎம்சி யூகான் டெனாலி. 1,12,000 மைல் ஓடியிருந்தது. நாங்கள் இருப்பது மிச்சிகனில். இங்கே குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பு. பனி உருகினால் ரோடெல்லாம் பள்ளம். இத்தனை வருடம் அடி வாங்கிய ஷாக் தேய்ந்ததில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அதற்குப் பதிலாக எதை மாட்டுவது என்பதில்தான் இரண்டு மாதம் மண்டையைக் குடைந்துகொண்டேன்.

இதே வண்டியோ இதன் பங்காளிகளான செவ்ரோலே டாஹோ, சபர்பன், கேடிலாக் எஸ்கலேடோ வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கம் உண்டு. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் ஏழு பேரும் ஒரே வண்டியில் பாண்டியாக் பராசக்தி கோயிலுக்குப் போய் வரலாம் என்ற கணக்கில் வாங்கியவர்கள். வாரண்டி முடிந்து பல வருடம் ஆன இந்த வண்டிகளுக்கு இப்போது ஷாக் மாற்றும் வயது. நான் சொல்லப்போவது 2015 முதல் 2020 வரை வந்த மாடல்களுக்கு. 2021இல் பின் சக்கர அமைப்பே மாறிவிட்டது. இங்கே சொல்லும் பின்பக்கக் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது.

முதலில் கிளவ் பாக்ஸைத் திறங்கள். அதற்குள் சின்னச் சின்னக் குறியீடுகளாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் இசட்-95 இருந்தால் உங்கள் வண்டியில் இருப்பது மேக்னடிக் ரைடு கன்ட்ரோல், அதாவது காந்த ஷாக். பழைய மாடல்களில் இசட்-55 என்று இருக்கும், அது ஆட்டோரைடு. இரண்டும் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் ஷாக்தான், ஆனால் வேலை செய்யும் விதம் வேறு, பாகமும் வேறு. டாஹோவிலும் சபர்பனிலும் கீழ்த்தட்டு வகைகளில் இரண்டும் கிடையாது, வெறும் சாதா ஷாக்தான். "டாஹோ 2016" என்று மட்டும் தட்டித் தேடி, வந்ததை வாங்கிவிட்டுப் பிளக் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இந்த ஸ்டிக்கரைப் பார்க்காதவர்கள்.

விளக்கு வேறு, தேய்மானம் வேறு

காந்த ஷாக்கின் உள்ளே இருப்பது வெறும் எண்ணெய் இல்லை. மிக நுண்ணிய இரும்புத் துகள் கலந்த எண்ணெய். பிஸ்டனுக்குள் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் பாய்ந்தால் காந்தப்புலம் உண்டாகித் துகள்கள் சங்கிலி கோத்த மாதிரி நின்றுகொள்ளும். மோர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது கண் இமைப்பதற்குள் கெட்டித் தயிர் ஆகிவிடும். மின்சாரத்தைக் குறைத்தால் மறுபடி மோர். இந்தத் திரவத்தை அமெரிக்க அரசின் தரநிர்ணய ஆய்வகத்தில் ஜேக்கப் ராபினோ என்பவர் 1940களின் கடைசியில் கண்டுபிடித்தார். அது காருக்கு வர அரை நூற்றாண்டு ஆனது. டெல்பை நிறுவனம் உருவாக்கிய இந்த ஷாக்கை முதலில் போட்டுக்கொண்டு வந்தது 2002 மாடல் கேடிலாக் செவில். ஆட்டோரைடில் இந்த வித்தை கிடையாது. அங்கே சாதா எண்ணெய்தான், அது போகும் வழியை மின்சார வால்வு ஒன்று திறந்து மூடுகிறது.

இந்தப் பாடம் எதற்கென்றால், கம்ப்யூட்டருக்கு எது தெரியும், எது தெரியாது என்பது இதில்தான் இருக்கிறது. கம்பிச்சுருளில் மின்சாரம் ஒழுங்காகப் பாய்கிறதா என்று அதற்குத் தெரியும். கம்பி அறுந்தாலோ பிளக்கில் துரு ஏறினாலோ கண்டுபிடித்து, "சர்வீஸ் சஸ்பென்ஷன் சிஸ்டம்" என்று திரையில் காட்டிவிடும். விளக்கு என்று நான் சொல்வது இந்த எச்சரிக்கையைத்தான். ஆனால் உள்ளே இருந்த திரவம் பாதி கசிந்து வெளியே போயிருந்தாலும் கம்பிச்சுருள் நன்றாக இருந்தால் அதைப் பொறுத்தவரை எல்லாம் நலமே. ஷாக் செத்துப்போயிருக்கும், விளக்கு எரியாது. ஷாக் நன்றாக இருக்கும், விளக்கு எரியும். இரண்டும் நடக்கும்.

எங்கள் வண்டியில் இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தது, அதுதான் கூத்து. திரையில் செய்தி வந்தது. முதலில் வண்டியைக் காட்டிய இடத்தில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, வலது பின் ஷாக்கில் எண்ணெய் கசிவதையும் பார்த்துவிட்டு, "நான்கும் மாற்றினால் விளக்கு போய்விடும்" என்றார்கள். அந்த 3,600 டாலர் தாள் அங்கே தந்ததுதான். மனசு கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு தனி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வண்டியைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இடது பின் சக்கரத்துப் பக்கம் கையைக் காட்டினார். ஒவ்வொரு சக்கரத்திலும் வண்டியின் உயரத்தை அளக்க ஒரு சென்சார் உண்டு. அதைச் சக்கரத்து அமைப்போடு சேர்க்கும் சின்னக் கைக்கம்பி உப்பில் இற்று, கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பி நாற்பது டாலர். மாட்டியதும் விளக்கு அணைந்தது. ஷாக் கசிந்ததும் உண்மைதான். ஆனால் விளக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நான்கு ஷாக்கையும் மாற்றியிருந்தாலும் அந்த விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

ஆகவே, எந்த ஷாக் வாங்குவது என்ற யோசனைக்கு முன்னால் உங்கள் வண்டியில் போனது எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஷாக்கைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரை, அதாவது சஸ்பென்ஷன் மாட்யூலைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். எண்பது டாலருக்குக் கிடைக்கும் கருவிகளில் பல இன்ஜின் பக்கத்தை மட்டும்தான் படிக்கும். கண்ணால் பார்க்க வேண்டியவை: ஷாக்கின் உடம்பில் ஈரமாக எண்ணெய், டயரில் மேடும் பள்ளமுமாகத் தேய்மானம், பிரேக் அடித்தால் வண்டியின் மூக்கு கீழே குத்துவது, நெடுஞ்சாலையில் பாலத்து இணைப்பைத் தாண்டியதும் படகு மாதிரி இரண்டு மூன்று முறை ஆடுவது. பம்பரை அமுக்கிவிட்டு எத்தனை முறை குதிக்கிறது என்று எண்ணும் பழைய சோதனையை இந்த வண்டியில் செய்யாதீர்கள். சாவி அணைந்திருந்தால் கம்பிச்சுருளில் மின்சாரம் இல்லை. புது ஷாக் கூட தொளதொளவென்றுதான் இருக்கும்.

கம்பெனி ஷாக்

இனி சாமான். கம்பெனிப் பெட்டியில் வரும் காந்த ஷாக்கை மாட்டினால் யோசிக்க ஒன்றும் இல்லை. பிளக் பொருந்தும், கம்ப்யூட்டர் எதிர்பார்க்கும் குணம் அப்படியே இருக்கும், மெதுவாக ஓடும் டூர் மோடுக்கும் இறுக்கமாக ஓடும் ஸ்போர்ட் மோடுக்கும் வித்தியாசம் தெரியும். பாகத்துக்கு 24 மாத வாரண்டி, மைல் கணக்கு இல்லை. டீலரே மாட்டினால் கூலிக்கும் சேர்த்து வாரண்டி. வெளியில் மாட்டினால் பாகத்துக்கு மட்டும்.

விலைதான் தொண்டையில் நிற்கும். ஆனால் ஒன்று கவனித்தேன்: டீலர் கவுண்டரில் சொல்லும் பாக விலைக்கும், அதே எண்ணுள்ள பாகத்தை இணையத்தில் விற்கும் டீலர்கள் போடும் விலைக்கும் கண்ணைக் கட்டும் வித்தியாசம். எனக்குக் கிடைத்த மதிப்பீட்டில் ஒரு முன் ஷாக் எழுநூறுக்கு மேல். அதே பெட்டி, தபால் கூலியோடு, நானூற்று ஐம்பதை ஒட்டிக் கிடைத்தது. ஆக, 'கம்பெனி ஷாக்' என்பதும் 'டீலரிடம் மாட்டுவது' என்பதும் இரண்டு தனி முடிவுகள். பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, விலை அதிகம் என்று நேரே சாதா ஷாக்குக்குத் தாவிவிடுகிறார்கள்.

வாரண்டி பற்றி ஒரு வார்த்தை. வெளிப் பாகம் போட்டால் வண்டியின் வாரண்டியே போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். 1975இல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டம் அப்படிச் செய்ய இடம் தரவில்லை. இந்த வயது வண்டிக்கு வாரண்டியே இல்லை, அது வேறு விஷயம்.

வெளிக் கம்பெனி செய்யும் மின்சார ஷாக்

அடுத்த வழி, அதே வேலையைச் செய்யும் ஷாக்கை வேறு உற்பத்தியாளரிடம் வாங்குவது. புளோரிடாவின் ஆர்னாட் போல, காற்று சஸ்பென்ஷனும் மின்சார ஷாக்கும் செய்வதையே தொழிலாக வைத்திருக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. இதில் இரண்டு ரகம். ஒன்று முழுக்கப் புதியது. மற்றது, பழைய ஷாக்கின் உடம்பை எடுத்து, எண்ணெய் கசியாமல் அடைக்கும் சீல்களையும் தேய்ந்த பாகங்களையும் மாற்றித் திரும்ப விற்பது. இரண்டாவது ரகத்தில் பழையதைத் திருப்பி அனுப்பும்வரை ஒரு முன்பணம் பிடித்து வைப்பார்கள். விலையை ஒப்பிடும்போது இதைக் கணக்கில் எடுக்க மறக்காதீர்கள்.

பின் ஷாக்குக்கு இந்த வழியில் எனக்குத் தயக்கம் இல்லை. முன் ஷாக்குக்குக் கொஞ்சம் உண்டு. முன்பக்கத்தில்தான் ஸ்டீயரிங், பிரேக் எல்லாவற்றின் உணர்வும் வந்து கைக்குச் சேர்கிறது. அங்கே கம்பெனியின் அளவுகளையே விடாமல் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. ஆதாரம் கேட்டால் என்னிடம் அளவெடுத்த தாள் எதுவும் கிடையாது, கையின் உணர்வுதான்.

பெயரே கேள்விப்படாத கடைகள் இணையத்தில் நான்கு காந்த ஷாக்கையும் சேர்த்து ஐந்நூறு அறுநூறுக்குத் தருவதாகப் போடுகின்றன. அந்தப் பக்கம் நான் போகவில்லை. இரும்புத் துகள் கலந்த எண்ணெய் சும்மா இருக்காது, அந்த சீல்களை அரம் மாதிரி அராவிக்கொண்டே இருக்கும்; தரம் குறைந்த திரவம் நாளாக நாளாகக் கூழாக இறுகியும் போகும். பிளக் பொருந்தும், விளக்கு எரியாது, ஓடும்போதோ தரமான ஷாக்கின் குணம் இருக்காது. கம்ப்யூட்டருக்குத் தெரியாத விஷயம் என்று மேலே சொன்னேனே, இந்தக் கடைகள் பிழைப்பு நடத்துவது அதில்தான்.

மின்சாரத்தையே விட்டுவிடுவது

அதிகம் பேர் கேட்பது இதைப் பற்றித்தான், அதிகம் பேர் தப்பாகச் செய்வதும் இதைத்தான். காந்த ஷாக்கைக் கழற்றிவிட்டு பில்ஸ்டைன், கேஒய்பி, மன்ரோ மாதிரி சாதா ஷாக் மாட்டிவிடலாம். பில்ஸ்டைன் 5100 மாதிரி நல்ல ஷாக்கே ஒன்று நூறிலிருந்து இருநூறு டாலருக்குள் கிடைத்துவிடும். நான்கும் சேர்த்து, காந்த ஷாக் இரண்டு வாங்கும் காசு கூட ஆகாது. வயர் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, அடுத்த முறை மாற்றவும் சுலபம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இங்கே ஒளிந்திருக்கும் செலவு பின்பக்கத்தில் இருக்கிறது. இந்த வண்டிகளின் பின் காந்த ஷாக் ஆட்டத்தை அடக்குவதோடு நிற்பதில்லை. அதன் மேல் ரப்பர் உறை மாதிரி ஒரு காற்றுப்பை இருக்கிறது. பின் சீட்டில் ஆள் ஏறினாலோ டிரெய்லர் மாட்டினாலோ வண்டி பின்னால் தாழும். உயர சென்சார் அதைச் சொல்லும். கம்ப்ரஸர் ஓடிக் காற்றை ஏற்றி வண்டியை மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். எடையில் பெரும்பங்கைத் தாங்குவது சுருள் ஸ்பிரிங்தான், ஆனால் காற்றுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சாதா ஷாக் மாட்டிய அன்றைக்கு அந்தப் பங்கு போய்விடும். ஆள் இல்லாமல் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. ஏழு பேரும் ஏழு பெட்டியுமாக ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் நாளில் வண்டி பின்னால் உட்கார்ந்துகொள்ளும், ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணைக் குத்தும்.

அதற்கு மருந்து இருக்கிறது. பின் ஸ்பிரிங்கைக் கெட்டியானதாக மாற்றலாம். வட கரோலினாவின் ஸ்ட்ரட்மாஸ்டர்ஸ் மாதிரி கடைகள் மாற்றுவதற்கான சாமான்களை ஒரே தொகுப்பாகவே விற்கின்றன. இல்லையென்றால் ஸ்பிரிங்குக்குள்ளே சொருகும் காற்றுப்பை வாங்கி, டிரெய்லர் மாட்டும் நாளில் பெட்ரோல் பங்கில் காற்று அடித்துக்கொள்ளலாம். எப்படிப் பார்த்தாலும் நூறு டாலர் ஷாக் என்று ஆரம்பித்த கணக்கில் இன்னும் சில நூறு ஏறிவிடும். கெட்டி ஸ்பிரிங் போட்டால் வெறும் வண்டி ஓடும்போது பின்னால் தூக்கித் தூக்கிப் போடும், மூன்றாவது வரிசையில் உட்காருகிறவர் சாபம் விடுவார். எங்கள் வீட்டில் அந்த இடம் என் அம்மாவுடையது.

இன்னொன்று விளக்கு. ஷாக்கின் வயரைக் கழற்றிவிட்டால் கம்ப்யூட்டர் சும்மா இருக்காது, செய்தி காட்டிக்கொண்டே இருக்கும். அதை ஏமாற்ற, கம்பிச்சுருள் அளவுக்கே மின்தடை உள்ள ஒரு சின்னப் பெட்டியைப் பிளக்கில் மாட்டுவார்கள். தொகுப்பாக வாங்கினால் அதுவும் கூடவே வரும். கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு ரெசிஸ்டரை டேப் சுற்றி ஒட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அதன் வழியே நிஜமாகவே மின்சாரம் ஓடும். தாங்கும் திறன் குறைவாக இருந்தால் சுடச்சுடக் காய்ந்து, பக்கத்து வயரையும் உருக்கிவிடும். தரமானதை வாங்கி, காற்றுப் படும் இடத்தில் இரும்புச் சட்டத்தோடு ஒட்டினாற்போல் இறுக்க வேண்டும். மிச்சிகனில் ஆண்டுதோறும் வண்டியைப் பரிசோதிக்கும் வழக்கம் இல்லை, விளக்கு எரிந்தாலும் கேட்க ஆள் இல்லை. பென்சில்வேனியா மாதிரி மாநிலங்களில் ஆண்டுப் பரிசோதனை உண்டு. அங்கே இருப்பவர்கள் முதலிலேயே பரிசோதனை நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

பாதி பாதியாகச் செய்வது மட்டும் வேண்டவே வேண்டாம். முன்னால் காந்த ஷாக், பின்னால் சாதா என்று இருந்தால், நான்கு சக்கரமும் தன் பேச்சைக் கேட்கிறது என்று நம்பி முன்பக்கத்தை இறுக்கியும் தளர்த்தியும் ஓட்டிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர். பின்பக்கம் தன் போக்கில் போகும். விட்டால் நான்கையும் விடுங்கள், வைத்தால் நான்கையும் வையுங்கள்.

இவ்வளவு சொன்னதால் சாதா ஷாக்குக்கு நான் எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். திருச்சிக்கார நண்பர் ஒருவரிடம் 2011 மாடல் டாஹோ, ஆட்டோரைடு உள்ளது, இரண்டு லட்சம் மைலை நெருங்கிவிட்டது. கதவுக்கடியில் துரு, டிரான்ஸ்மிஷன் எப்போது கையை விரிக்கும் என்று தெரியாது. டிரெய்லர் இழுப்பதில்லை; பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள், பின் சீட்டில் ஆளே ஏறுவதில்லை. அவருக்கு நானே சொன்னேன், சாதா ஷாக் போடுங்கள் என்று. எல்லாம் சேர்த்துத் தொள்ளாயிரம் டாலருக்குள் முடித்தார். வண்டி முன்பைவிடக் கொஞ்சம் கெட்டியாக ஓடுகிறது, அவருக்கு அதில் புகார் எதுவும் இல்லை. அந்த வண்டியில் இரண்டாயிரம் டாலர் மின்சார ஷாக் மாட்டுவது, ஓட்டைக் குடத்துக்கு வெள்ளி மூடி போடுகிற வேலை.

பின்னால் மட்டும் மாற்றலாமா?

மாற்றலாம். ஒரே ஆக்சிலில் இருக்கும் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், அவ்வளவுதான். கையில் காசு குறைவாக இருந்தால் கசிகிற பக்கத்து ஜோடியை இப்போதும் மற்ற ஜோடியை அடுத்த வருடமும் மாற்றுவதில் தப்பில்லை, நான்கும் மின்சார ஷாக்காகவே இருக்கும்வரை.

பின் ஷாக்கில் காற்று கசிகிறது என்றால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். காற்று நிற்காததால் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும். எப்போதாவது சில நொடி ஓடுவதற்காகச் செய்த மோட்டார் அது. ஷாக்கை மிச்சம் பிடிக்கப் போய், கம்ப்ரஸரும் எரிந்து இரண்டையும் வாங்குகிற கதை ஆகிவிடும். ராத்திரி நிறுத்தி வைத்த வண்டி காலையில் பின்னால் தாழ்ந்திருந்தாலோ, ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் பின்னால் 'கர்ர்' என்று நெடுநேரம் சத்தம் கேட்டாலோ, ரப்பர் உறையிலும் குழாய் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கசிவு இருந்தால் நுரைக்கும். அந்தக் குழாய் இணைப்பின் சின்ன ரப்பர் வளையம் மட்டும் போயிருந்தால் செலவு ஐந்து டாலர்.

யார் கையால் மாட்டுவது

பின் ஷாக் இரண்டையும் நானே மாட்டினேன். 2020 வரையிலான இந்த மாடல்களில் பின்னால் ஷாக் தனி, ஸ்பிரிங் தனி. மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட், ஒரு பிளக், ஒரு காற்றுக் குழாய். நல்ல ஜாக்கி ஸ்டாண்டு இரண்டும் ஒரு சனிக்கிழமையும் இருந்தால் போதும். ஷாக்கைக் கழற்றும்போது ஆக்சில் கீழே தொங்கிவிடாதபடி ஒரு ஜாக்கியால் அதைத் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். கீழ் போல்ட்டை, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையிலேயே இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே உட்கார்ந்து, சீக்கிரம் கிழியும். உப்பு தின்ற போல்ட் சுலபமாக வராது. முந்தைய நாளே துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊற விட்டேன், அப்படியும் ஒன்றை வெட்டித்தான் எடுத்தேன். புது போல்ட் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

முன்பக்கம் நான் கை வைக்கவில்லை. அங்கே ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் இருக்கிறது. இரண்டரை டன் வண்டியின் முன்பக்கத்தைத் தாங்கும் ஸ்பிரிங். அதை அமுக்கிப் பிடித்து, மேல் தட்டைக் கழற்றிப் புது ஷாக்குக்கு மாற்ற வேண்டும். வாடகைக்குக் கிடைக்கும், ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி நழுவினால் ஸ்பிரிங் பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும். சுவரில் நிலையாகப் பொருத்திய கருவி உள்ள பட்டறையில் கொடுத்துவிட்டேன். அதே கூலியில், ஷாக்கின் மேல் நுனியை வண்டியோடு பிடிக்கும் மேல் மவுன்ட் இரண்டையும் புதிதாகப் போடச் சொன்னேன். பழைய மவுன்டோடு புது ஷாக்கை மாட்டி, ஆறு மாதத்தில் 'டொக் டொக்' சத்தம் வந்து, மறுபடி கூலி கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முன் வேலை முடிந்ததும் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணம் பார்க்க வேண்டும், இல்லையென்றால் புது டயர் வாங்கும் செலவு பின்னாலேயே வரும்.

நான் கடைசியில் செய்தது இது: முன்னால் கம்பெனி ஷாக், இணையத்தில் வாங்கியது, பின்னால் வெளிக் கம்பெனியின் புதிய காந்த ஷாக். மவுன்ட், முன்பக்கக் கூலி, அலைன்மென்ட், அந்த நாற்பது டாலர் கைக்கம்பி எல்லாம் சேர்த்து 2,400ஐக் கொஞ்சம் தாண்டியது. முதல் தாளோடு பார்த்தால் கிட்டத்தட்ட 1,200 டாலர் மிச்சம், என் ஒரு சனிக்கிழமை செலவு. கோடையில் நாங்கள் ஒரு சின்ன கேம்பர் டிரெய்லர் இழுக்கிறோம். பையன் பள்ளியை முடிக்க இன்னும் நான்கு வருடம், அதுவரை வண்டியை விற்கும் எண்ணம் இல்லை. இந்த இரண்டு காரணமும் இல்லாவிட்டால் என் கணக்கு வேறு மாதிரி முடிந்திருக்கும். டிரெய்லரும் இல்லை, இரண்டே வருடத்தில் விற்கப்போகிறோம் என்றால் பின் ஜோடியை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தியிருப்பேன். சாதா ஷாக் பக்கம் அப்போதும் போயிருக்க மாட்டேன். ஸ்போர்ட் மோடு பொத்தானை அமுக்கினால் ஒன்றுமே மாறாத டெனாலியை வாங்க வருகிறவர் முதலில் விலையைத்தான் குறைப்பார்.

ஓட்டம் எப்படி இருக்கிறது என்றால், முதல் நாள் ஏமாற்றமாகத்தான் இருந்தது. பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஷாக் ஒரே நாளில் தேய்வதில்லை, நாமும் அந்த ஆட்டத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிடுகிறோம். ஐ-75இல் எழுபது மைல் வேகத்தில் ஒரு பாலத்து இணைப்பைத் தாண்டினபோதுதான் தெரிந்தது. ஒரு 'தட்', அதோடு சரி. முன்பெல்லாம் அந்த இடத்தில் மூன்று முறை ஊஞ்சல் ஆடும். பின்னாலிருந்து அம்மா, "ரோடு போட்டுட்டாங்களா?" என்று கேட்டார்.

இன்னொரு விஷயம், கையால் செய்யப்போகிறவர்களுக்கு மட்டும். கசிகிற காந்த ஷாக்கைக் கழற்றும் இடத்தில் அட்டையோ பழைய கித்தானோ விரித்துக்கொள்ளுங்கள். வெளியே வருவது வெறும் எண்ணெய் இல்லை, இரும்புப் பொடி கரைத்த கறுப்புச் சேறு. எங்கள் கராஜ் தரையில் விழுந்த அந்தக் கறைக்குச் சோப்பு, டீசல், பூனை மணல் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. பையன் ஃபிரிட்ஜ் காந்தத்தைக் கொண்டுவந்து தேய்த்துப் பார்த்தான். கொஞ்சம் வந்தது.